வீட்டில் நட்சத்திரப் பழ மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மரத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஒரு பழத்தைப் பறித்துக்கொள்வார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மரத்தைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் பிறக்கின்றன: கன்று வாங்கும்போது ஒன்று, பழம் பறிக்கும்போது ஒன்று. நடுவில் மரம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நட்சத்திரப் பழம், தமரத்தை, விளிம்பிப் பழம்... எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான், ஆனால் விளிம்பி என்ற பெயரில் கொஞ்சம் குழப்பம் உண்டு. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரிவது நட்சத்திரப் பழம். தாவரவியல் பெயர் அவெரோவா கரம்போலா. இதன் நெருங்கிய உறவான புளிச்சக்காயையும் சில இடங்களில் விளிம்பி என்பார்கள். அது சின்ன வெள்ளரிக்காய் போல, விளிம்பு இல்லாமல், அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கும். வாயில் வைக்க முடியாத புளிப்பு. கன்று வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்காமல், பழம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

இரண்டும் புளியாரைக் குடும்பம். தரையில் படர்ந்து கிடக்கும் புளியாரைச் செடியின் இலையை மென்று பார்த்தவர்களுக்கு அந்தப் புளிப்பு நினைவிருக்கும். காரணம் ஆக்சாலிக் அமிலம். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பழத்தில் இருக்கிற விதையைப் போட்டு வளர்க்கலாமா?

முளைக்கும். ஆனால் நான் செய்த தப்பு அதுதான், அதனால் வேண்டாம் என்பேன்.

விதையிலிருந்து வருவது தாய்மரத்தைப் போல இருக்காது. இனிப்பான பழத்தின் விதை, பல்கூசும் புளிப்புப் பழத்தைத் தரலாம். அது தெரிய நான்கைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், சில சமயம் அதற்கும் மேல். நான் ஐந்தரை ஆண்டு காத்திருந்தேன். முதல் பழம் பழுத்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் சொன்னது.

பொழுதுபோக்குக்கோ, ஒட்டுக்கட்டும் வேர்ச்செடிக்கோ (நல்ல ரகத்தின் குச்சியை மேலே ஒட்ட, கீழே வேராக நிற்கும் செடி) விதை போடுகிறீர்கள் என்றால் சரி. நன்றாகப் பழுத்த பழத்தில் தடித்த, பழுப்பு நிற விதைகளை மட்டும் எடுங்கள். தட்டையாக, வெளிறிக் கிடப்பவை முளைக்காது. விதையைச் சுற்றி ஒரு வழவழப்பான உறை இருக்கும். அதைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே நடக்காது. பழத்தை விட்டு வெளியே வந்த சில நாட்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். வெப்பமான காலத்தில் ஒரு வாரத்தில் முளை தெரியும், குளிரில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

அப்படியானால் ஒட்டுக்கன்று. அது உண்மையிலேயே ஒட்டுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குனிந்து பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டில் ஒரு தழும்பு இருக்க வேண்டும். அந்த இடத்தில் தண்டு லேசாகப் புடைத்தோ, சாய்வாக ஒட்டிய கோடு தெரியும்படியோ இருக்கும். மேலே உள்ள பட்டையின் நிறமும் கீழே உள்ளதன் நிறமும் சற்று வேறுபடும். வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக, வழவழவென்று போகிற கன்று விதைக்கன்று. விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

ஒட்டுப்பகுதியில் பிளாஸ்டிக் பட்டை இன்னும் சுற்றியிருந்தால், கன்று பிடித்துத் துளிர்த்த பிறகு கத்தியால் மெதுவாகக் கீறி எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் தண்டு பருக்கும்போது கழுத்தை நெரித்துவிடும். ஒட்டுக்குக் கீழே எந்தத் துளிர் வந்தாலும் கண்டவுடன் கிள்ளுங்கள். அது வேர்ச்செடியின் துளிர், மேலே இருப்பதைவிட வேகமாக வளரும். ஒட்டு செத்துப்போய் வேர்ச்செடி மட்டும் மரமாகி, "நான் இனிப்பு ரகம்தான் வாங்கினேன், புளிக்கிறதே" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. பையில் இருக்கும்போதே காயோடு நிற்கிற கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். காயைப் பறித்துவிட்டு வாங்குங்கள். புது மண்ணில் வேர் பிடிப்பதுதான் அதற்கு முதல் வேலை.

எந்த ரகம் நல்லது?

பெயர் தெரிந்த ரகங்களில் ஆர்கின் வீட்டுக்குப் பொருத்தமானது. இனிப்பு, விளிம்புகள் தடிமன், தனியாக நின்றாலும் ஓரளவு காய்க்கும். தாய்லாந்து ரகமான ஃபுவாங் துங் பெரிய பழம், வெளிர் மஞ்சள், மெல்லிய விளிம்பு. மலேசியாவில் ரகங்களுக்கு எண்தான் பெயர்: பி10, பி17 இரண்டும் பரவலானவை. பி17 தேன் போல் இனிக்கும் என்று பெயர் வாங்கியது.

ரகத்தின் பெயர் தெரியாத கன்றுதான் கிடைக்கிறது என்றாலும் கவலையில்லை. எந்த மரத்திலிருந்து ஒட்டு எடுத்தார்களோ அந்த மரத்தின் பழத்தைத் தின்று பார்க்க முடிந்தால், பெயர்ப்பலகையைவிட அது மேல்.

ஒரே ஒரு மரம் வைத்தால் காய்க்குமா?

இதற்குப் பூவைப் பார்க்க வேண்டும், பார்க்கவும் அழகான விஷயம். பூ ஒரு பட்டாணி அளவுக்குத்தான் இருக்கும், இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறம். ஒன்றைப் பறித்து இதழைக் கிழித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சில மரங்களில் சூல்தண்டு நீளமாக, மகரந்தப் பைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். சில மரங்களில் குட்டையாக, மகரந்தப் பைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். ஒரு மரத்தில் ஒரு வகைதான். நீளத் தண்டுப் பூவுக்குக் குட்டைத் தண்டுப் பூவின் மகரந்தம் வந்தால்தான் காய்ப்பு கூடும், மறுபக்கமும் அப்படியே. தன் பூவின் மகரந்தமே தனக்குச் சேராதபடி மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது.

ஆர்கின் போன்ற சில ரகங்கள் இந்த விதிக்குக் கொஞ்சம் விலக்கு. ஒன்றே நின்றாலும் காய்க்கும். மற்றவற்றுக்கு, இரண்டு மரத்துக்கு இடம் இருந்தால் இரண்டு வேறு ரகங்களாக வையுங்கள். ஒரே ரகத்தில் இரண்டு வைப்பதில் பயன் இல்லை. இடம் இல்லையா, ஒரே மரத்தில் இன்னொரு ரகத்தின் கிளையை ஒட்டிவிடலாம்.

மகரந்தம் சுமப்பவை தேனீக்களும் ஈக்களும். பூத்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் நம் கையாலேயே காய்ப்பைக் குறைத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

எங்கே நட வேண்டும்?

முழு வெயில் படும் இடம், ஆனால் காற்று அடிக்காத இடம். வெயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த மரத்துக்குக் காற்று பெரிய எதிரி. தொடர்ந்து வறண்ட காற்று வீசினால் இலை ஓரம் கருகும், உதிரும், இளங்கிளை காய்ந்துபோகும், பழங்கள் ஒன்றோடொன்று உரசி விளிம்பெல்லாம் பழுப்புத் தழும்பாகும். ஒரு மதில், பெரிய மரம், வேலி என ஏதாவது ஒன்று காற்று வரும் பக்கத்தில் இருக்கட்டும்.

வளர்ந்த மரம் 6 முதல் 9 மீட்டர் உயரம், ஏறக்குறைய அதே அகலத்துக்குக் குடை போல விரியும். வெட்டி அடக்கி வைக்கலாம் என்றாலும் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நடுங்கள். நடைபாதைக்கு மேல் கிளை வரும்படி நடாதீர்கள். விழுகிற பழம் நசுங்கி வழுக்கும், ஈ மொய்க்கும்.

வெப்பமண்டல மரம் இது, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. 20 முதல் 35 டிகிரி வெப்பம் இதற்குச் சுகம். 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி விழும் இடமானால் இளங்கன்று பிழைப்பது கடினம். அங்கே தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

லேசான அமிலத்தன்மை, அதாவது கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை. தண்ணீர் வடிய வேண்டும், உப்பு இருக்கக் கூடாது. இதில் உப்புதான் திருத்தக் கடினமானது. குழியைப் பெரிதாக வெட்டி, எடுத்த மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். ஒட்டுத் தழும்பு ஒருபோதும் மண்ணுக்குள் போகக் கூடாது. களிமண் தரை என்றால் ஒரு அடி உயரம் மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது.

நட்ட பிறகு அடியில் காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்டை ஒட்டி ஈரமாகக் கிடந்தால் பட்டை அழுகும்.

மாடியில் தொட்டியில் வளருமா?

வளரும், காய்க்கும், ஒட்டுக்கன்றாக இருந்தால். 60 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். முதலிலேயே அவ்வளவு பெரியதில் வைக்க வேண்டாம். 20 லிட்டரில் தொடங்கி வேர் நிறைந்ததும் மாற்றுங்கள். தோட்டமண், மக்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் கலந்த கலவை போதும். நார்க்கழிவை நன்றாக அலசிப் போடுங்கள், அதில் உப்பு தங்கியிருக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேர்ப்பந்தை வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேர்களில் இரண்டு விரல் அளவுக்குச் சீவிவிட்டு, புது மண் போட்டு வையுங்கள். அதே நேரத்தில் மேலேயும் கிளைகளைக் குறைத்துவிட வேண்டும். மாடிக்கே உரிய தொல்லை, மறுபடியும், காற்று. கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல் ஓர் அங்குலம் காய்ந்து, அதற்குக் கீழே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். கீழேயும் காய்ந்திருந்தால் ஆழமாக, மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட, நாலைந்து நாளுக்கு ஒருமுறை வேர்வரை நனைப்பது மேல். தொட்டிக்கு வெயில் காலத்தில் தினமும் தேவைப்படும்.

பூக்கும் சமயத்திலும் பிஞ்சு பிடிக்கும் சமயத்திலும் மண் காயவே கூடாது. வறட்சி வந்தால் மரம் முதலில் கைகழுவுவது பூவையும் பிஞ்சையும்தான்.

உப்புத் தண்ணீர் மட்டும்தான் வருகிறது என்றால் இலை நுனி கருகுவதில் தெரியும். மழைநீரைப் பிடித்துவைத்து இந்த மரத்துக்கு ஒதுக்குங்கள்.

என்ன உரம் போடலாம்?

முதல் இரண்டு ஆண்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கொஞ்சமாக. ரசாயனக் கலப்புரம் போடுகிறவர்கள் முதல் ஆண்டில் ஒரு தடவைக்கு 100 கிராமைத் தாண்ட வேண்டாம். தண்டிலிருந்து தள்ளி, குடையின் விளிம்பு நிழல் விழும் இடத்தில் தூவித் தண்ணீர் விடுங்கள். எனக்கு மண்புழு உரமும் மூடாக்குமே போதுமானதாக இருக்கிறது. ரசாயன உரத்தை அள்ளிப் போட்டால் இலை பிரமாதமாக வரும். நாம் இலைக்காக மரம் வைக்கவில்லை.

இலை மஞ்சளாகிறது. ஏன்?

எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

புதுத் துளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து, துத்தநாகம், மாங்கனீசு இவற்றில் ஏதோ ஒன்று வேருக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மண்ணில் இல்லாததால் இல்லை. மண் காரமாக இருப்பதால் வேரால் இழுக்க முடியவில்லை. நுண்ணூட்டக் கரைசலை இலைமேல் தெளித்தால் துத்தநாகமும் மாங்கனீசும் சேரும். இரும்பை மண்ணில் ஊற்றும் கீலேட் வடிவில், அதாவது கார மண்ணிலும் வேரால் இழுக்க முடிகிற வடிவில், கொடுப்பது பலன் தரும். சுண்ணாம்பு பூசிய சுவர், சிமெண்ட் தளம் பக்கத்தில் நட்ட மரங்களில் இதை அதிகம் பார்க்கலாம்.

மரம் முழுக்க மஞ்சளாகி உதிர்கிறது, மண் சேறாக இருக்கிறது என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். கீழே உள்ள பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி விழுந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. குளிரோ வறட்சியோ முடிகிற சமயத்தில் மரம் ஒருமுறை நிறைய இலை கொட்டிவிட்டுத் துளிர்ப்பதும் உண்டு.

மாலையானால் இலையெல்லாம் தொங்கிப் போகிறது. நோயா?

இல்லை, தூங்குகிறது. இரவில் சிற்றிலைகள் கீழ்நோக்கி மடங்கும், காலையில் விரியும். கிளையைப் பலமாக உலுக்கினாலும் மெதுவாக மடங்கும், தொட்டாற்சுருங்கி அளவுக்கு வேகமாக இல்லை. உச்சி வெயிலிலும் கொஞ்சம் மடித்துக்கொள்ளும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்து இரவில் தண்ணீர் ஊற்றுவார்கள். வேண்டாம்.

நட்டு எத்தனை ஆண்டில் காய்க்கும்? எவ்வளவு கிடைக்கும்?

ஒட்டுக்கன்று ஓராண்டிலேயே பூத்துவிடும். முதல் ஆண்டுப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, இரண்டு மட்டும் விட்டுவைத்து ருசி பாருங்கள். ஏழெட்டு ஆண்டான நல்ல மரம் தரையில் இருந்தால் ஆண்டுக்கு 100 கிலோவைத் தாண்டலாம். ஒரு குடும்பம் தின்று தீர்க்கிற அளவு இல்லை அது. வெப்பமான இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை காய்க்கும்.

பூ கொத்துக்கொத்தாக வருகிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது.

நூற்றுக்கணக்கில் பூத்து நான்கைந்து நிற்பது இயல்பு. எதுவுமே நிற்கவில்லை என்றால் மேலே சொன்ன மூன்றைப் பாருங்கள்: ஒரே வகைப் பூவா, வேர் காய்ந்ததா, காற்று அதிகமா. கன்று ரொம்பச் சின்னதாக இருந்தால் அடுத்த பூப்பு வரை பொறுங்கள்.

காய் அளவுக்கு மீறிப் பிடித்தாலும் ஒரு பிரச்சினை. கட்டைவிரல் அளவு இருக்கும்போதே கொத்துக்கு ஒன்று இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மெல்லிய கிளை ஒடியாமலும் இருக்கும், பழமும் பெரிதாகும்.

கவாத்து செய்ய வேண்டுமா?

செய்தால் நமக்குத்தான் வசதி. ஏணி இல்லாமல் எட்டும் உயரத்தில், மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கன்று இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, காய்ப்பு ஓய்ந்ததும், நேராக மேலே ஓடும் கிளைகளையும் காய்ந்தவற்றையும் எடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தொங்கு கிளைகளை வெட்டாதீர்கள். அவை பயனற்றவை போலத் தெரியும், நிறையக் காய் பிடிப்பது அவற்றில்தான்.

இந்த மரத்தின் சுவாரசியமான குணம் ஒன்று: கிளை நுனியை வெட்டினால் சில வாரத்தில் அந்தக் கிளையில் பூ வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாமல் மாதத்துக்குச் சில கிளைகள் என்று வெட்டி வந்தால் பழமும் பகுதி பகுதியாக வரும். ஒரேயடியாக ஐம்பது கிலோ பழுத்து, அக்கம்பக்கமே ஓடி ஒளிகிற நிலைமை வராது.

பழத்துக்குள் புழு இருக்கிறது.

பழ ஈ. பழம் நிறம் மாறத் தொடங்கும் முன்பே தோலில் குத்தி முட்டை வைக்கும். குத்திய இடம் சின்னக் கரும்புள்ளியாக இருக்கும், அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும். புழு உள்ளே போன பிறகு எந்த மருந்தும் பயனில்லை. ஒரே தீர்வு உறை போடுவது. காய் சுண்டுவிரல் நீளம் இருக்கும்போதே காகிதப் பையோ மெல்லிய துணிப் பையோ மாட்டிக் காம்போடு கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். உறை போட்டால் பறவை, அணில், பழத்தைத் துளைக்கும் இரவு அந்துப்பூச்சி ஆகியவற்றிடமிருந்தும் தப்பிக்கும்.

கீழே விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கிவிடுங்கள். அதை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை ஈயாக வரும். பொறுக்கியதை உரக்குழியிலும் போடக் கூடாது. பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் போடலாம்.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை மாலை நேரத்தில் தெளியுங்கள். அவற்றை வேலைக்காரர்களாக வைத்திருக்கும் எறும்புகளையும் தண்டில் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பறிப்பது?

இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். காய் பிடித்து 60 முதல் 75 நாள் ஆகும் பழுக்க. மா, வாழை போலப் பறித்து வைத்தால் இனிக்கிற பழம் அல்ல இது. வைத்தால் நிறம் மாறும், இனிப்பு ஏறாது. மரத்தில் எவ்வளவு சர்க்கரை ஏறியதோ அவ்வளவுதான்.

அடையாளம் இதுதான். முதலில் விளிம்புகளுக்கு நடுவே உள்ள பள்ளம் மஞ்சளாகும். விளிம்பின் முனை மட்டும் ஒரு மெல்லிய பச்சைக் கோடாக நிற்கும். அந்தக் கோடும் மறையத் தொடங்கும்போது பழத்தை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்குங்கள். காம்பு தானாக விட்டால் பழுத்துவிட்டது. இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். முகர்ந்தாலும் தெரியும்: பழுத்ததில் பூவாசம் கலந்த ஒரு மணம் வரும், காயில் புல் வாசம்தான். சில ரகங்கள் பழுத்தாலும் வெளிர் மஞ்சளோடு நின்றுவிடும், அங்கே நிறத்தை நம்பாமல் காம்பை நம்புங்கள்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

வெளியே வைத்தால் மூன்று நான்கு நாள். குளிர்பெட்டியில், அடிபடாமல் வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல். விளிம்புகள் எளிதில் நசுங்கிப் பழுப்பாகும் என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள். தின்னும்போது தோல் உரிக்க வேண்டியதில்லை. இரண்டு முனையையும் விளிம்பின் பழுப்பு ஓரத்தையும் சீவிவிட்டுக் குறுக்கே வெட்டுங்கள்.

சிறுநீரக நோயாளிகள் சாப்பிடக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இந்தப் பழத்தை ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. ஜூஸ், ஜாம், ஊறுகாய் என்று எந்த வடிவிலும் வேண்டாம். பழத்தில் ஆக்சாலிக் அமிலத்தோடு காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சும் இருக்கிறது. அதை 2013இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் இதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நச்சு இரத்தத்தில் தேங்கி மூளைக்குப் போகும்.

முதல் அறிகுறி பெரும்பாலும் நிற்காத விக்கல். சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வரும். பின்னர் வாந்தி, குழப்பமான பேச்சு, வலிப்பு, நினைவிழப்பு. உயிர் போனதும் உண்டு, அதுவும் ஒரே ஒரு பழத்தில். சிறுநீரக நோய் உள்ளவருக்குப் பழம் சாப்பிட்ட பிறகு விக்கல் வந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பழம் சாப்பிட்டதைத் தவறாமல் சொல்லுங்கள், உடனடி டயாலிசிஸ் தேவைப்படும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா பை கொண்டுவந்து, "தம்பி, மாமாவுக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லையாம், புளிப்பாக ஏதாவது கேட்கிறார், நாலு பழம் தா" என்றார். மாமா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். அது எனக்குத் தற்செயலாகத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து யார் பழம் கேட்டாலும் பழத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: வீட்டில் யாருக்காவது கிட்னியில் கோளாறு உண்டா? சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எனக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. எவ்வளவு சாப்பிடலாம்?

சாப்பாட்டுக்குப் பின் ஒன்று இரண்டு பழம் சாப்பிடுவதில் பயம் இல்லை. நூறு கிராமில் 31 கலோரிதான், வைட்டமின் சி 34 மில்லிகிராம், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. வெறும் வயிற்றில் பெரிய குவளை நிறைய ஜூஸ் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். புளிப்பு ரகத்தில் ஆக்சாலிக் அமிலம் இன்னும் அதிகம். ஜூஸில் ஒரே மூச்சில் ஏழெட்டுப் பழம் உள்ளே போய்விடுவது தெரியாது. அதனால் வெட்டித் தின்னுங்கள், குடிக்காதீர்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் நீண்ட நாளாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். பரிசோதனை செய்து, மருத்துவரைக் கேட்ட பிறகே தொடுங்கள்.

மருந்து சாப்பிடுகிறேன், பரவாயில்லையா?

தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்துகளை உடலில் சிதைக்கும் கல்லீரல் நொதியை இந்தப் பழச்சாறு தடுப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கிரேப்ஃப்ரூட் என்ற ஆரஞ்சு இனப் பழத்துக்குச் சொல்லும் அதே எச்சரிக்கைதான்.

நாய், பூனைக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். அவற்றுக்கும் ஆக்சலேட் ஆகாது. விழுந்த பழத்தைப் பொறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதை போட்டு வளர்ந்த மரம் இருக்கிறது, புளிக்கிறது. வெட்டிவிடலாமா?

அவசரம் வேண்டாம். முதலில் ஒரு பழத்தைக் காம்பு தானாக விடும்வரை மரத்திலேயே விட்டுத் தின்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும். அப்போதும் புளித்தால், மரத்தை வைத்துக்கொண்டு ரகத்தை மாற்றலாம்.

என் மரத்தில் அப்படித்தான் செய்தேன். நடுத்தண்டை மார்பளவு உயரத்தில் வெட்டினேன். இரண்டு மாதத்தில் பத்துப் பதினைந்து துளிர் வந்தது. நல்ல இடைவெளியில் நான்கை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினேன். அவை பென்சில் தடிமன் ஆனதும், இனிப்பு மரத்திலிருந்து அதே தடிமனில் குச்சி எடுத்து, அடியை ஆப்பு வடிவில் சீவி, துளிரின் நுனியைப் பிளந்து செருகி, பட்டையோடு பட்டை பொருந்தும்படி இறுக்கிக் கட்டினேன். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேலே நிழலுக்குக் காகிதம். நான்கில் மூன்று பிடித்தது. பழைய வேர் பலமாக இருந்ததால் அடுத்த ஆண்டே காய்த்தது.

பிடிக்காத நான்காவது கிளையை மறுபடி ஒட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன். அதன் பூ குட்டைத் தண்டு, புது ரகத்தின் பூ நீளத் தண்டு, அதனால் தேனீக்கு வேறு மரம் தேடிப் போக வேண்டிய வேலை இல்லை. அந்தக் கிளையின் பழத்தை யாரும் தின்பதில்லை. பாதியாக வெட்டிக் கதவின் பித்தளைக் கைப்பிடியில் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுகிறது.